வேலியோரம் முளைத்த காளான்

காளான் பொதிகளோடு வீடு வீடாகப் போகப்போகிற உங்களிடம் முதல் நாளே யாராவது ஒருவர் கேட்பார்: “இது நஞ்சோ?” சிரித்து மழுப்பாதீர்கள். “அந்தக் காலத்துக் கதையெல்லாம் நம்பாதேங்கோ” என்று அவரை மட்டம் தட்டவும் வேண்டாம். அது நியாயமான கேள்வி. அதற்கு நான் சரியான பதில் சொல்லாததால் மூன்று பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். காளான் வித்து எப்படித் தூவுவது, வைக்கோலை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்பதெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கிறது. அதில் இல்லாததைத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் முற்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கு வந்து ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டிலேயே காளான் வளர்க்கப் பெண்களுக்குப் பொதி கொடுத்துப் பழக்குவது என் வேலை. ஒரு மரச்சட்டப் பெட்டி, போத்தலில் அடைத்த காளான் வித்து, ஒரு பொலித்தீன் விரிப்பு, ரோனியோ இயந்திரத்தில் அச்சடித்த இரண்டு தாள்கள். இவ்வளவுதான் பொதி. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த வயல்களில் அறுவடை முடிந்தால் வைக்கோலுக்குக் குறைவில்லை. பாதியைக் கொளுத்திவிடுவார்கள். அந்த வைக்கோலை ஊறவைத்து, பெட்டிக்குள் அடுக்கடுக்காக அமுக்கி, இடையில் வித்தைத் தூவி மூடிவைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் முட்டை முட்டையாகக் காளான் எட்டிப் பார்க்கும்.

பொதிகளை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் முதல் சண்டை. எங்கள் அமைப்பின் பொறுப்பாளர், நாங்கள் பெரியவர் என்று சொல்லும் மனிதர், பட்டணத்து வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்றார். நான் குளத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறியிருந்த மலையகத்துச் சனத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டங்களிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வந்தவர்கள். காணிக்கு உறுதிப்பத்திரம் கிடையாது. அயல் வயல்களில் கூலிவேலை. கடைத்தெருவில் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை நான் எழுதமாட்டேன்.

“அதுகளுக்கு இது சரிவராது, பிள்ளை. கவனமாச் செய்யாதுகள்” என்றார் பெரியவர்.

“தேயிலையில ரெண்டு இலையும் ஒரு மொட்டும் பாத்துக் கிள்ளின கை, சேர். உங்களையும் என்னையும் விடக் கவனம்” என்றேன்.

இரண்டு பக்கமும் கொடுக்கலாம் என்று அவர் இணங்கினார். ஆனால் அந்த ‘அதுகள்’ என்ற சொல் எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

அங்கே முதலில் பெட்டியை வாங்கியவள் லெட்சுமி. முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, உரத்த குரல். நான் வகுப்பு நடத்தும்போது மற்றப் பெண்கள் தலையாட்டுவார்கள். லெட்சுமி மட்டும் கேள்வி கேட்பாள். ஏன் வைக்கோலை வெந்நீரில் போட வேண்டும், ஏன் திறந்து திறந்து பார்க்கக்கூடாது, பூஞ்சணம் பிடித்தால் எதை வைத்துத் தெரிந்துகொள்வது. இரண்டாவது முறை விளைச்சல் எடுத்தபோது என்னைவிட நன்றாகச் செய்யத் தொடங்கிவிட்டாள். வெயில் ஏறினால் பெட்டிக்கு மேல் ஈரச்சாக்கு. குளிர்ந்தால் எடுத்துவிடுவாள். கையை உள்ளே வைத்துப் பார்த்தே சூடு போதுமா என்று சொல்வாள்.

“இது நம்ம வீட்டுக்குள்ள மொளச்சது மிஸ். யாரும் பாவம் பாத்துக் குடுத்தது இல்ல” என்று ஒருநாள் சொன்னாள். விளைந்ததில் ஒரு பங்கை அடுத்த வீட்டுப் பாக்கியத்துக்குக் கொடுப்பாள். பாக்கியம் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

மாரி மழை தொடங்கியது. நாலைந்து நாள் விடாமல் பெய்து ஒரு வியாழக்கிழமை வெளித்தது. காலை பத்து மணியிருக்கும். குடியேற்றத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து எங்கள் கந்தோர் வாசலில் நின்றார்.

“மிஸ், லெட்சுமிக்கும் அவ புருசனுக்கும் வாந்தி. பாக்கியத்துக்கும் அப்படித்தான். காளான் சாப்புட்டாங்களாம். டிராக்டர்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க.”

உங்களுக்கும் இப்படி ஒரு செய்தி ஒருநாள் வரும். வரும்போது கால் தானாக ஆஸ்பத்திரிப் பக்கம்தான் ஓடப் பார்க்கும். நானும் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பினேன். சந்தியில் நின்று ஒரு நிமிடம் யோசித்தேன். வெறுங்கையோடு போய் நான் என்ன செய்யப்போகிறேன்? கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழலாம். அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்று வைத்தியர் கேட்டால் என்ன சொல்வது? சைக்கிளைத் திருப்பிக் குடியேற்றத்துக்கு மிதித்தேன். சேற்றில் இருமுறை விழுந்தேன்.

லெட்சுமியின் வீடு திறந்து கிடந்தது. நேரே பெட்டியிடம் போனேன். அதில் வைக்கோல் காய்ந்திருந்தது. விளைச்சல் முடிந்து ஒரு கிழமையாவது இருக்கும் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. அப்படியானால் காலையில் சமைத்த காளான் எங்கேயிருந்து வந்தது? குசினியில் சட்டியின் அடியில் கொஞ்சம் கறி மிச்சம் இருந்தது. சட்டியை அப்படியே துணியால் கட்டினேன். பிறகு பின்பக்கம் போனேன்.

வேலியோரத்தில் பழைய வைக்கோல் குவியல். மழையில் நனைந்து, புல் ஏறி, அதன் நடுவே வெள்ளைக் குடைகள் விரித்து நின்றன. அழகாகத்தான் இருந்தன. சில இடங்களில் கத்தியால் ஒட்ட அறுத்த தண்டுகளின் அடி மட்டும் தெரிந்தது.

அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். ஏனென்றால் விளைச்சல் முடிந்த வைக்கோலை என்ன செய்வது என்று வகுப்பில் ஒருத்தி கேட்டபோது, “வேலியடியில கொட்டிவிடுங்கோ, நல்ல பசளை” என்று சொன்னவள் நான்தான். மாரியில் அந்தக் குவியலில் வேறு காளானும் முளைக்கும், அதைத் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அந்த இரண்டு தாளிலும் அது இல்லை.

அழுவதற்கு நேரம் இருக்கவில்லை. வெள்ளைக் காளான் ஒன்றை அடியோடு தோண்டி எடுத்து வாழையிலையில் சுற்றினேன். பெட்டியில் விளைந்ததை லெட்சுமி நூலில் கோத்து உலர்த்தி வைத்திருந்தாள். அதிலும் ஒரு சரத்தை எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று பேரும் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தார்கள். பாக்கியத்தின் நிலைதான் மோசம். கண்கள் உள்ளே போயிருந்தன. கையைத் தொட்டால் குளிர்ந்தது. வைத்தியர் ஒரு நடுத்தர வயது மனிதர். நான் கொண்டுபோன இலையையும் சட்டியையும் பார்க்கும் முன்பே லெட்சுமியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எத்தினை மணிக்குச் சாப்பிட்டனீங்கள்? எத்தினை மணிக்குச் சத்தி துவங்கினது?”

“ஏழு மணிக்கு ரொட்டியோட சாப்புட்டோம் ஐயா. எட்டரைக்கெல்லாம் வயித்தப் பொரட்டிருச்சு.”

வைத்தியர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “கெதியாத் துவங்கினது நல்லது, பிள்ளை. அரை நாள் கழிச்சுத் துவங்கியிருந்தால் நான் பயந்திருப்பன். அது ஈரலைத் தின்னுற சாதி. இது வயித்தோட நிக்கும் எண்டு நினைக்கிறன். ஆனா அந்தப் பிள்ளைத்தாச்சியைப் பற்றி இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது.”

அவரிடம் அன்று கற்றதை இன்றுவரை விடவில்லை. என்ன காளான் என்று கேட்பதற்கு முன் எத்தனை மணி என்று கேளுங்கள். ஆனால் உடனே வாந்தி வந்தால் வீட்டிலேயே இருக்கலாம் என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். கேட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள்.

பிறகு அவர் இரண்டு காளானையும் மேசையில் வைத்துப் பார்த்தார். வெள்ளையின் தண்டில் மோதிரம் போல ஒரு வளையம் இருந்தது. குடைக்கு அடியில் மடிப்புகளில் பச்சை படர்ந்திருந்தது. எங்கள் காளானில் இரண்டும் இல்லை. “நான் காளான் படிச்சவன் இல்லை. ஆனா இது ரெண்டும் ஒண்டில்லை எண்டு எழுதித் தருவன்” என்றார். எழுதியும் தந்தார்.

லெட்சுமி என்னைக் கண்டதும் தலையைத் தூக்கப் பார்த்தாள். “மிஸ், நம்ம வைக்கல்லதானே மொளச்சிச்சு. நம்ம காளான்னு நெனச்சுத்தான் பாக்கியத்துக்கும் குடுத்தேன்.”

என்னைக் குற்றம் சொல்வதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

அடுத்த நாள் காலைக்குள் கதை பட்டணமெல்லாம் பரவிவிட்டது. காளான் பெட்டி கொடுத்துச் சனத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று பேருந்தில் பேசிக்கொண்டார்கள். பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னார். வழக்கமாக அவர் அப்படிச் சொல்வதில்லை. மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. பயனாளி காட்டில் பிடுங்கிய காளானைத் தன் அறியாமையால் சமைத்து உண்டார், எழுத்தறிவு குறைந்த குடும்பங்களுக்கு இத்திட்டம் பொருந்தாது, ஆகவே குடியேற்றத்திலிருந்து பெட்டிகள் மீளப்பெறப்படும். கீழே என் பெயர்.

“ஒரு கையெழுத்துத்தான், பிள்ளை. உன்ர பெயருக்கும் பழுது வராது, திட்டமும் தப்பும்.”

“அவா காட்டுக்குப் போகேல்லை, சேர். நான் கொட்டச் சொன்ன வைக்கலில முளைச்சதைத்தான் பிடுங்கினவா.”

“அது உனக்கும் எனக்கும் தெரியும். கொழும்பில இருக்கிறவைக்குத் தெரிய வேணுமே? பிழை எங்கட பக்கம் எண்டு எழுதினால் முழுத் திட்டத்தையும் நிப்பாட்டிப் போடுவினம். பட்டணத்து வீடுகளுக்கும் இல்லாமல் போகும். யோசிச்சுப் பார்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் பொய்யில் கையெழுத்துக் கேட்பவர் மீசை முறுக்கிக்கொண்டு வரமாட்டார். உங்கள் நன்மைக்கும் நாலு பேரின் நன்மைக்கும் என்று தணிந்த குரலில்தான் கேட்பார்.

நானும் யோசித்தேன். வெளியே தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். அந்த நடையில் ஒருதரம் கையெழுத்துப் போடலாம் என்றும் நினைத்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை. வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும். ‘பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு இந்த வேலை’ என்று சொன்னவர்களுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். பிறகு அந்தத் தாளில் இருந்த ‘அறியாமை’ என்ற சொல் நினைவுக்கு வந்தது. வகுப்பில் எல்லாக் கேள்வியையும் கேட்டவள் லெட்சுமி. பதில் தெரியாமல் பதில் சொன்னவள் நான். அப்படியென்றால் அறியாமை யாருடையது?

உள்ளே போய் வேறொரு தாள் எடுத்தேன். கையால் எழுதினேன். பழைய வைக்கோலை வெளியே கொட்டச் சொன்னது நான். அதில் வேறு காளான் முளைக்கும் என்று எச்சரிக்காததும் நான். பயனாளி நான் சொன்னபடியே செய்தார். வைத்தியரின் குறிப்பை இணைத்துள்ளேன். எழுத்து கோணலாக வந்தது. திருப்பி எழுதாமல் அப்படியே கொடுத்தேன்.

“இதை அனுப்பினால் உனக்கு இங்க வேலை இல்லை” என்றார் பெரியவர்.

“அனுப்புங்கோ, சேர். நீங்கள் அனுப்பாட்டி நானே தபாலில போடுவன்.”

அவர் தாளை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

ஆனால் திங்கட்கிழமை பெட்டிகளை ஏற்றிவர டிராக்டர் போனது. வீடுகளை அடையாளம் காட்டப் பெரியவர் என்னையும் ஏறச் சொன்னார். மறுக்கலாம் என்று நினைத்தேன். நான் போகாவிட்டால் வேறு யாராவது போய் அள்ளிக்கொண்டு வருவார்கள் என்று ஏறினேன்.

லெட்சுமி சனிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டாள். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. டிராக்டர் சத்தம் கேட்டதும் பெட்டியை முற்றத்துக்கு இழுத்து வந்து, கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசல்களில் நின்று பார்த்தார்கள்.

“எழும்பு, தங்கச்சி. எனக்குச் சொன்ன வேலையைத்தான் செய்யிறன்” என்றார் டிராக்டர் ஓட்டி வந்தவர்.

“தோட்டத்து லயத்துக்கு நெருப்பு வச்சு எழுப்புனாங்க, எழும்புனோம். ரோட்டோரமாக் கெடந்தோம், அங்கேயிருந்தும் எழுப்புனாங்க. எழும்பினது போதும்ணே. இந்தப் பொட்டியில இருந்து நான் எழும்பமாட்டேன்.”

அவள் கத்தவில்லை. உரத்த குரல்காரி அன்று மட்டும் மெதுவாகப் பேசினாள். பிறகு என்னைப் பார்த்தாள். “நான் செஞ்ச தப்பு என்னான்னு சொல்லுங்க மிஸ். தப்பு இருந்தா எடுத்துக்கிட்டுப் போங்க.”

எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். “உங்களில பிழை இல்லை, லெட்சுமி. வைக்கலை வெளியில கொட்டச் சொன்னது என்ர பிழை.” பிறகு டிராக்டர்காரரிடம் திரும்பினேன். “திருப்புங்கோ, அண்ணை.”

“பெரியவருக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”

“நான் மறிச்சனான் எண்டு சொல்லுங்கோ.”

அவர் பெட்டி எதையும் ஏற்றாமல் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனார். நான் ஏறாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

பிழையை ஒத்துக்கொண்டதும் எல்லாரும் கட்டியணைப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கூட்டத்திலிருந்து பாக்கியத்தின் கணவர் பெருமாள் முன்னால் வந்தார். பாக்கியம் அன்றைக்கும் ஆஸ்பத்திரியில்தான்.

“உங்க தப்புன்னு சொல்லிட்டீங்க. சரி. சொல்லிட்டு நீங்க போயிருவீங்க. என் பொஞ்சாதிக்கும் வயித்துல உள்ளதுக்கும் ஒண்ணு ஆயிருந்தா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடக் கூடாது. மன்னிப்புக் கேட்டேன். அவர் தரவில்லை. திரும்பிப் போனார். நான் மண்வெட்டி ஒன்றை இரவல் வாங்கி, லெட்சுமி வீட்டு வேலியோரத்தில் குழி தோண்டத் தொடங்கினேன். அந்தக் குவியலை வெள்ளைக் காளானோடு சேர்த்துப் புதைத்தோம். பிறகு அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அதையே சொன்னேன்: பெட்டிக்குள் நீங்கள் போட்ட வித்தில் முளைத்ததை மட்டும் சாப்பிடுங்கள், அதிலும் வழக்கமாக வருவதுபோல் இல்லாத ஒன்று முளைத்தால் எறியுங்கள், பெட்டிக்கு வெளியே முளைத்தது எவ்வளவு ஒத்திருந்தாலும் தொடாதீர்கள், என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியாத சாதிகள் இருக்கின்றன. பின்னேரம் பார்த்தபோது பெருமாளும் தன் வீட்டுக் குவியலைத் தானே புதைத்துக்கொண்டிருந்தார்.

பாக்கியம் புதன்கிழமை நடந்து வீட்டுக்கு வந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமாது சொன்ன பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

என் கடிதத்தைப் பெரியவர் லாச்சியிலிருந்து எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். ஏன் மனம் மாறினார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். என்னை விசாரித்ததைவிட லெட்சுமியை விசாரித்ததுதான் அதிகம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “ஒரு போத்தல் வித்து. மழைக்குள்ள போடணும்” என்றாளாம். திட்டம் நிற்கவில்லை. குடியேற்றத்திலும் நிற்கவில்லை.

எனக்குத் தண்டனை கிடைத்தது. வேலை போகவில்லை, ஆனால் முல்லைத்தீவில் ஒரு களஞ்சிய அறைக்குள் சாக்கு எண்ண அனுப்பினார்கள். என் கோப்பில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் போனார்கள். அந்தச் சொல்லை நீக்கித் தரும்படி விண்ணப்பிக்கலாம் என்று பிற்காலத்தில் ஒருவர் யோசனை சொன்னார். நான் விண்ணப்பிக்கவில்லை. அது உண்மையான சொல். அந்த மற்றத் தாளில் கையெழுத்து வைத்திருந்தால் என் கோப்பு வெள்ளையாக இருந்திருக்கும். அப்படிப்பட்ட வெள்ளை எனக்கு வேண்டாம்.

ஒரு வருடத்துக்குப் பிறகு களஞ்சியத்திலிருந்து விடுதலை கிடைத்து, குடியேற்றத்துக்குப் போனேன். லெட்சுமியின் முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாயில் இருந்தார்கள். பாதிப் பேர் பட்டணத்திலிருந்து வந்தவர்கள். பாக்கியம் கைக்குழந்தையோடு ஓரத்தில் இருந்தாள். லெட்சுமி பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் பழைய வைக்கோலைப் புதைக்கத் தோண்டிய குழியும் மண்வெட்டியும். ஒரு தட்டில் பெட்டிக் காளான், இன்னொரு தட்டில், தொடாதபடி கண்ணாடிப் போத்தலால் மூடி, வளையம் வைத்த வெள்ளைக் காளான்.

என்னைக் கண்டதும் எழுந்தாள். வந்தவர்களுக்கு என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்துவாள் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

“இந்த மிஸ்தான் வைக்கல வெளிய கொட்டச் சொன்னவங்க. எப்படித் தப்பாச் சொன்னாங்கன்னு அவங்களே சொல்லுவாங்க, கேட்டுக்குங்க” என்றாள்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் முன்னால் போய் நின்று சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். முடித்ததும் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டேன். பலர் கை தூக்கினார்கள். எல்லாக் கேள்வியையும் லெட்சுமியிடம்தான் கேட்டார்கள்.